குழந்தை மருத்துவத்தில் அன்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று ஏன்? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூத்த பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த மருந்தை, இளையது பிறந்த பிறகு அதே டாக்டர் வேண்டாம் என்கிறார். வீட்டுப் பெரியவர்களுக்கு எரிச்சல், பெற்றோருக்குக் குழப்பம். அண்மைக் காலக் குழந்தை மருத்துவ ஆய்வுகளில் முக்கியமான பல, புதிதாக எதையும் கண்டுபிடித்துத் தந்தவை அல்ல. 'நல்லதுதானே' என்று காலங்காலமாகச் செய்துவந்ததை நிறுத்தச் சொன்னவை. கீழே உள்ள கேள்விகளில் பலவும் அங்கிருந்து கிளம்பியவைதான்.

முந்தைய தலைமுறையைக் குப்புறப் படுக்கவைத்து வளர்த்தார்களாம். இப்போது கூடவே கூடாது என்கிறார்கள். எது சரி?

இப்போது சொல்வதுதான் சரி. மல்லாந்து கிடந்தால் கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்ற பயத்தில்தான் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னார்கள். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். பால் மேலேறிப் போவது கடினம். குப்புறக் கிடக்கும்போதுதான் இது தலைகீழாகிறது.

பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் மல்லாந்து படுக்கவைக்கும் இயக்கம் தொடங்கியது. தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறந்துபோகும் கைக்குழந்தைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மனதை உறுத்தும் செய்தி வேறொன்று. பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2005இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, குப்புறப் படுப்பது ஆபத்து என்பதற்கான சான்றுகள் 1970லேயே இருந்தன என்று காட்டியது. யாரும் அவற்றை ஒன்றாக வைத்துக் கூட்டிப் பார்க்கவில்லை.

நடைமுறை இதுதான்: ஒரு வயது வரை மல்லாந்து, அழுத்தமான மெத்தையில், தலையணையோ பொம்மையோ இல்லாமல். குழந்தை தானாகவே இரு பக்கமும் புரளக் கற்றுக்கொண்ட பிறகு, தூக்கத்தில் புரண்டால் திருப்பிப் போட வேண்டியதில்லை.

வேர்க்கடலை அலர்ஜி வரும் என்று மூன்று வயது வரை தள்ளிப்போடச் சொன்னார்களே?

சொன்னார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000இல் ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு அப்படித்தான் பரிந்துரைத்தது. பலன் தெரியாததால் 2008இல் கைவிட்டது. அதே ஆண்டு லண்டனைச் சேர்ந்த கிடியன் லாக் குழுவினர் ஒரு வித்தியாசத்தைச் சுட்டிக்காட்டினார்கள்: பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இஸ்ரேலில் வளர்பவர்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம். இஸ்ரேலில் குழந்தைகள் சிறுவயதிலேயே வேர்க்கடலைத் தின்பண்டம் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் கண்ணில் பட்ட வேறுபாடு.

அதன் தொடர்ச்சியாக 2015இல் வெளிவந்ததுதான் 'லீப்' ஆய்வு. கடுமையான கரப்பானோ (எக்ஸிமா என்ற தோல் அழற்சி) முட்டை அலர்ஜியோ உள்ள 640 குழந்தைகளை, 4 முதல் 11 மாத வயதில், இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வேர்க்கடலை தொடர்ந்து கொடுக்கப்பட்டது. மற்றதற்கு அறவே இல்லை. ஐந்து வயதில் பார்த்தபோது, தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்கு அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம்தான். விருப்பம்போல் சாப்பிடவிட்ட பிறகும் இந்தப் பாதுகாப்பு பதின்வயதின் தொடக்கம் வரை நீடிப்பதை 2024இல் வெளியான தொடர் ஆய்வு காட்டியது.

காரணம் என்னவென்றால், வயிற்றின் வழியாக முதலில் அறிமுகமாகும் உணவை உடல் பழகிக்கொள்கிறது. வெடித்த, புண்ணான தோல் வழியாக முதலில் நுழைவதை எதிரியாக நினைக்கிறது. 'ஒதுக்கிவைத்தோம்' என்று நினைத்த குழந்தைகள் உண்மையில் தோல் வழியாகச் சந்தித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். முழுக் கடலையை ஐந்து வயதுக்கு முன் தராதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கும். பொடியாகவோ நீர்க்கக் கரைத்த விழுதாகவோ தர வேண்டும். கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள குழந்தைக்கு வீட்டில் தொடங்குவதற்கு முன் டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

காய்ச்சல் எத்தனை டிகிரி போனால் மருந்து கொடுக்க வேண்டும்?

எண்ணைப் பார்த்துக் கொடுக்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள். 102 டிகிரியிலும் விளையாடிக்கொண்டு தண்ணீர் குடிக்கும் குழந்தைக்கு அவசரமாக ஒன்றும் தேவையில்லை. 100.5இல் முனகிக்கொண்டு சுருண்டு கிடக்கும் குழந்தைக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் 'நைஸ்' அமைப்பின் வழிகாட்டுதல் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: வெப்பத்தைக் குறைப்பது மட்டுமே நோக்கமாக இருந்தால் மருந்து வேண்டாம், குழந்தையின் அவதியைக் குறைக்கத்தான் மருந்து. ஈரத்துணி வைத்துத் துடைப்பதையும் அது பரிந்துரைப்பதில்லை. தோல் குளிர்ந்தால் குழந்தை நடுங்கும், நடுக்கம் உள்வெப்பத்தை ஏற்றும்.

பாராசிட்டமால் அளவு வயதுக்கு அல்ல, எடைக்கு: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் போகாமல். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தும் பெரிய பிள்ளைகளுக்கான சிரப்பும் ஒரே அடர்த்தியில் இருக்காது என்பதை மறக்க வேண்டாம். 'போன தடவை 5 மி.லி. கொடுத்தோம்' என்று புட்டியை மாற்றிக் கொடுப்பதில்தான் விபத்து நடக்கிறது. ஆஸ்பிரின் பக்கமே போகாதீர்கள். கல்லீரலையும் மூளையையும் தாக்கும் 'ரை' நோய் வரலாம். உடலில் நீர் வற்றியிருக்கும் பிள்ளைக்கு ஐபுப்ரோஃபென் வேண்டாம்.

எண்ணைப் பார்த்தே ஓட வேண்டிய வயது ஒன்று உண்டு: மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 (38 செல்சியஸ்) தொட்டால் உடனே ஆஸ்பத்திரி. நன்றாகப் பால் குடித்தாலும் சரி.

மற்ற வயதில் ஓட வேண்டிய அடையாளங்கள்: எழுப்பினாலும் சரியாக எழாதது, மூச்சு விடும்போது விலா உள்ளே இழுப்பது, எதையும் குடிக்க மறுப்பது, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள்.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் மூளை பாதிக்குமா?

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள், சில நிமிடங்களில் தானே நின்றுவிடும் சாதாரணக் காய்ச்சல் வலிப்பால் அறிவுத்திறன் குறைவதில்லை. மூன்றில் ஒரு குழந்தைக்கு மறுபடி வரலாம். மணிக்கணக்குப் பார்த்துப் பாராசிட்டமால் கொடுத்தாலும் அதைத் தடுக்க முடிவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆகவே மருந்து தாமதமானதால்தான் வலிப்பு வந்தது என்று ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் அவசர சிகிச்சை வேண்டும்.

ஆன்டிபயாடிக்கை முழு கோர்ஸும் முடிக்க வேண்டும் என்பார்கள். இப்போது மூன்று நாள் போதும் என்கிறாரே டாக்டர்?

'கோர்ஸ்' என்பதே பல நோய்களில் வழக்கத்தில் வந்த எண்தான். ஏழு, பத்து, பதினான்கு ஆகிய நாள் கணக்குகளைப் பெரும்பாலும் யாரும் சோதித்து நிர்ணயிக்கவில்லை. சோதித்தபோது குறைந்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நிமோனியா வந்த 814 குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான 'கேப்-இட்' ஆய்வில், அமாக்சிசிலின் மூன்று நாள் கொடுத்தவர்களிலும் ஏழு நாள் கொடுத்தவர்களிலும் மறுபடி ஆன்டிபயாடிக் தேவைப்பட்டது ஒரே அளவுதான், 12.5 சதவீதம். இருமல் மட்டும் மூன்று நாள் பிரிவில் சற்றே அதிக நாள் இருந்தது. அதே ஆண்டு கனடாவில் ஐந்து நாளையும் பத்து நாளையும் ஒப்பிட்ட ஆய்வும் அதே பக்கம்தான் சாய்ந்தது.

இதை வைத்து நீங்களாகவே பாதியில் நிறுத்திவிட வேண்டாம். இவை ஆஸ்பத்திரியில் நீண்ட நாள் வைத்திருக்கத் தேவையில்லாத நிமோனியாவுக்கானவை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண்ணுக்குப் பென்சிலின் பத்து நாள் என்பது, பின்னால் இதயத்தைத் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க. மூளைக்காய்ச்சல், எலும்புச் சீழ் இவற்றின் கணக்கும் வேறு. காதுவலிக்கோ, இரண்டு வயதுக்கு மேற்பட்ட, அதிகம் அவதிப்படாத குழந்தை என்றால், வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து இரண்டு மூன்று நாள் பார்க்கலாம் என்பது இப்போது ஏற்கப்பட்ட நடைமுறை. சும்மா பார்த்துவிட்டு அனுப்பினார் என்று டாக்டர்மேல் கோபப்படாதீர்கள். எழுதிக் கொடுப்பது அவருக்கு எளிது, எழுதாமல் விளக்குவதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

ஆறு மாதக் குழந்தைக்கு மூச்சிரைப்பு. நெபுலைசர் வைக்கவே இல்லை. ஏன்?

அது ஆஸ்துமா இல்லை, நுண்மூச்சுக்குழாய் அழற்சியாக இருக்கலாம். ஆஸ்துமாவில் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. நெபுலைசரில் வைக்கும் சால்ப்யூட்டமால் மருந்து அதைத் தளர்த்தும். இங்கே குழாய் வீங்கி, சளியும் உதிர்ந்த செல்களும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. தளர்த்துவதற்கு அங்கே அதிகம் ஒன்றுமில்லை. அதனால்தான் 2014இன் அமெரிக்க வழிகாட்டுதல் சால்ப்யூட்டமால், ஸ்டீராய்டு, வழக்கமான மார்பு எக்ஸ்ரே மூன்றையும் ஒதுக்கியது. மூக்கைச் சுத்தம் செய்வது, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுப்பது, தேவைப்பட்டால் ஆக்சிஜன், குழாய் வழி உணவு என்று சிகிச்சை அவ்வளவுதான்.

ஆர்.எஸ்.வி. வைரஸுக்கு இப்போது ஊசி வந்திருக்கிறதாமே?

மேலே சொன்ன மூச்சிரைப்புக்குப் பெரும்பாலும் காரணம் இந்த வைரஸ்தான். உலகம் முழுவதும் 2019இல் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ ஒரு லட்சம் குழந்தைகள் இதனால் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். தடுப்பூசிக்கு இவ்வளவு காலம் பிடித்ததற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1960களின் நடுவில் ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த வைரஸைக் கைக்குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பின்னர் இயல்பாகத் தொற்று வந்தபோது, ஊசி போட்டவர்களில் தொற்றுக்கு ஆளான குழந்தைகளில் 80 சதவீதம் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர், இருவர் இறந்தனர். காப்பாற்ற வேண்டிய ஊசி நோயைக் கடுமையாக்கியது. அதன்பின் பல பத்தாண்டுகள் இந்தத் துறையே பயத்தில் உறைந்துபோனது.

முடிச்சு 2013இல் அவிழ்ந்தது. வைரஸின் மேலே உள்ள 'எஃப்' புரதம் செல்லோடு ஒட்டுவதற்கு முன் ஒரு வடிவத்திலும் ஒட்டிய பின் வேறு வடிவத்திலும் இருக்கிறது. வலுவான எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடிகள்) முதல் வடிவத்தைத்தான் பிடிக்கின்றன. பழைய ஊசியில் அந்த வடிவம் சிதைந்து போயிருந்தது. ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரஹாம் குழுவினர் முதல் வடிவத்தை அணு அளவில் படம் பிடித்து, அது குலையாமல் நிறுத்தவும் வழி கண்டார்கள்.

இன்று இரண்டு வழிகள் உள்ளன. நிர்செவிமாப் என்பது தடுப்பூசி அல்ல, தயாராக உள்ள எதிர்ப்பொருள். ஒரே ஊசி, வைரஸ் பரவும் ஒரு பருவம் முழுவதும் தாங்கும். ஐரோப்பாவில் 2022இலும் அமெரிக்காவில் 2023இலும் ஒப்புதல் பெற்றது. மூன்று ஐரோப்பிய நாடுகளில் நடந்த 'ஹார்மனி' ஆய்வில் இது ஆஸ்பத்திரிச் சேர்க்கையை 83 சதவீதம் குறைத்தது. இன்னொன்று கர்ப்பிணிக்கான தடுப்பூசி. தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. எந்த வாரத்தில் போடுவது என்பது நாட்டுக்கு நாடு மாறும். பொதுவாக இரண்டில் ஒன்று போதும்.

இருமல் சிரப்?

நான்கு வயதுக்குள் வேண்டாம் என்பேன். சிறு குழந்தைகளிடம் பலன் நிரூபிக்கப்படவில்லை, பக்கவிளைவு உண்டு. கோடீன் (ஓபியம் வகை மருந்து) கலந்தது 12 வயதுக்குக் கீழ் கூடவே கூடாது. ஒரு வயது தாண்டியிருந்தால் படுக்கும் முன் ஒரு சிறு கரண்டி தேன் இரவு இருமலைச் சற்றுக் குறைக்கும். ஒரு வயதுக்குக் கீழ் தேன் ஆபத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம்.

வாந்தி, வயிற்றுப்போக்குக்கு டிரிப் ஏற்றச் சொன்னால், டாக்டர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை நீட்டுகிறார்.

நீட்டுவதுதான் சரி. குளுக்கோஸும் உப்பும் சேர்ந்திருந்தால் குடல் சோடியத்தை உள்ளே இழுக்கும், தண்ணீர் பின்னாலேயே போகும். பேதியின்போதும் இந்தக் கதவு மூடுவதில்லை. 1971இல் வங்கதேசத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த அகதிகளின் முகாமில் காலரா பரவி, டிரிப் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் டிரம் டிரம்மாக இந்தக் கரைசலைக் கலந்து குடிக்கவைத்து இறப்பை வெகுவாகக் குறைத்தார். 2002க்குப் பிறகு உப்பும் சர்க்கரையும் குறைத்த கலவை வந்தது. வாந்தியும் பேதியின் அளவும் அதில் குறைவு. பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள், பாதி பாதியாக அல்ல.

கூடவே ஜிங்க் (துத்தநாகச் சத்து), 10 முதல் 14 நாள். இதுவரை ஆறு மாதத்துக்கு மேல் 20 மி.கி. என்றிருந்தது. இந்தியாவிலும் தான்சானியாவிலும் நடந்து 2020இல் வெளியான ஆய்வு, 5 அல்லது 10 மி.கி. கொடுத்தாலும் பலன் குறைவதில்லை, வாந்தி குறைகிறது என்று காட்டியது. குடித்ததெல்லாம் வெளியே வந்தால் வாந்தியை அடக்கும் ஒண்டன்செட்ரான் ஒரே ஒரு வேளை கொடுத்துவிட்டு மறுபடி ஐந்து நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்று தொடங்கலாம். பல குழந்தைகள் டிரிப்பிலிருந்து தப்புவது இப்படித்தான்.

விழுந்து தலையில் அடிபட்டது. சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டால் நிம்மதிதானே?

நிம்மதிக்குக் கதிர்வீச்சு விலை. அமெரிக்காவில் 42,412 குழந்தைகளை வைத்து 2009இல் வெளியான ஆய்வின்படி, தலையில் அடிபட்டு வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே கவலைப்படும்படியான மூளைக்காயம் இருந்தது. நினைவு தப்பியதா, தொடர்ந்து வாந்தியா, எவ்வளவு உயரம், மண்டையில் வீக்கம் எங்கே, நடத்தையில் மாற்றமா என்று கேட்டே பெரும்பாலானவர்களுக்கு ஸ்கேன் தேவையில்லை என்று முடிவு செய்யலாம். சில மணி நேரம் கண்காணிப்பில் வைப்பதும் சிகிச்சைதான்.

குறைமாதக் குழந்தையை இன்குபேட்டரில் வைக்காமல் தாயின் நெஞ்சில் வைக்கிறார்கள். இது வசதி இல்லாத இடத்துக்கான மாற்று ஏற்பாடா?

தொடக்கம் அப்படித்தான். 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் எட்கர் ரே சனாப்ரியா இதைத் தொடங்கினார். ஆனால் நெடுங்காலம் ஒரு நிபந்தனை இருந்தது: குழந்தையின் உடல்நிலை சீரான பிறகுதான் இப்படி நெஞ்சோடு வைக்கும் கங்காரு பராமரிப்பு. அதுவரை தாய் ஒரு வார்டு, குழந்தை ஒரு வார்டு.

அந்த நிபந்தனையைத்தான் 2021இல் வெளியான ஆய்வு உடைத்தது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். ஒரு பிரிவைப் பிறந்தவுடனே, சீராகும்வரை காத்திராமல், தாயின் நெஞ்சோடு வைத்தார்கள். 28 நாளுக்குள் இறந்தவர்கள் வழக்கமான முறையில் 15.7 சதவீதம்; உடனடி முறையில் 12 சதவீதம். வேறுபாடு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். இதைச் செய்யத் தாய்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கட்டில் போட வேண்டியிருந்தது. அதுதான் பெரிய மாற்றம் என்பது என் எண்ணம். கருவி எதுவும் புதிதில்லை, தாயை வெளியே நிறுத்தும் விதி போனது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இதைப் பரிந்துரையாக்கியது.

ஓரிடத்தில் நிரூபித்த சிகிச்சை எல்லா இடத்துக்கும் பொருந்தும்தானே?

பொருந்த வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ரத்த ஓட்டம் சரிந்து அதிர்ச்சி நிலையில் (ஷாக்) வரும் குழந்தைக்கு நரம்பு வழியாக வேகமாகத் திரவம் ஏற்றுவது பாடப்புத்தகச் சிகிச்சை. உகாண்டா, கென்யா, தான்சானியாவில், காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த குழந்தைகளிடம் கேத்ரின் மெய்ட்லாண்ட் குழுவினர் இதைச் சோதித்தார்கள். 2011இல் வெளியான 'ஃபீஸ்ட்' ஆய்வு அது. இரண்டு நாளுக்குள் இறந்தவர்கள்: வேகமாகத் திரவம் ஏற்றியவர்களில் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல். ஏற்றாமல் நிதானமாகக் கொடுத்தவர்களில் 7.3 சதவீதம். முதல் சில மணி நேரத்தில் குழந்தை தேறுவதுபோல் தெரிந்தது. அதனால்தான் கட்டில் ஓரம் நின்ற மருத்துவருக்கு இந்த ஆபத்து கண்ணில் படவே இல்லை. (பேதியால் நீர் வற்றிய குழந்தைகள் இந்த ஆய்வில் இல்லை; அவர்களுக்குத் திரவம்தான் உயிர்.)

இன்னொன்று. பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தையின் மூளையைக் காக்க, ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் உடலை 33.5 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்விப்பது பணக்கார நாடுகளில் நிரூபணமான சிகிச்சை. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளிலேயே 408 குழந்தைகளிடம் நடந்த 'ஹீலிக்ஸ்' ஆய்வில் (2021) குளிர்வித்தவர்களில் 42 சதவீதம் இறந்தனர், மற்றவர்களில் 31 சதவீதம். மூளைக்காயம் பிரசவத்துக்கு முன்பே தொடங்கியிருக்கலாம், காயத்தின் தன்மையே வேறாக இருக்கலாம் என்று விவாதிக்கிறார்கள். பதில் எதுவானாலும், அதே இயந்திரம், அதே வெப்பநிலை, வேறு முடிவு.

மரபணு சிகிச்சை என்கிறார்களே, அது உண்மையிலேயே குணப்படுத்துகிறதா?

சில நோய்களில், நேரத்தோடு கொடுத்தால், நோயின் போக்கையே மாற்றுகிறது. முதுகுத்தண்டுத் தசைச் சிதைவின் முதல் வகையில், சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதுக்குள் இறந்துவிடுவார்கள் அல்லது வென்டிலேட்டரோடு வாழ்வார்கள். 2016 முதல் 2020க்குள் மூன்று மருந்துகள் வந்தன. அவற்றில் ஒன்று ஒரே முறை ஏற்றும் மரபணு சிகிச்சை. அறிகுறி தெரிவதற்கு முன்பே, பிறந்த சில வாரங்களில் கொடுத்தபோது பல குழந்தைகள் உட்கார்ந்தார்கள், நடந்தார்கள். அறிகுறி வந்த பின் கொடுத்தால் இறந்த நரம்பு செல்கள் திரும்புவதில்லை. குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் செய்யும் பிறவிப் பரிசோதனை இதனால்தான் மருந்துக்குச் சமமாக முக்கியம். அந்த மரபணு மருந்து 2019இல் வந்தபோது விலை இருபது லட்சம் டாலரைத் தாண்டியது. யாருக்குக் கிடைக்கும் என்பது தனிக் கேள்வி.

2025இல் ஃபிலடெல்ஃபியாவில், அமோனியா ரத்தத்தில் தேங்கும் மிக அரிய கல்லீரல் நொதிக் குறையோடு பிறந்த ஒரு குழந்தைக்கு, அக்குழந்தையின் மரபணுவில் இருந்த எழுத்துப்பிழையை மட்டும் திருத்தும் மரபணுத் திருத்த மருந்தை ஆறு மாதத்தில் தயாரித்துக் கொடுத்தார்கள். ஒரே ஒரு நோயாளிக்கான மருந்து. புரத உணவு கூடியது, மருந்துகள் குறைந்தன. குணமாகிவிட்டது என்று சொல்ல இன்னும் பல ஆண்டுகள் பார்க்க வேண்டும்.

இத்தனை பரபரப்பு இல்லாமல் வந்ததையும் சொல்லிவிடுகிறேன்: குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில், வழக்கமான கீமோவோடு, உடலின் எதிர்ப்பு செல்களைப் புற்று செல்கள்மேல் ஏவும் பிளினாடுமோமாப் மருந்தைச் சேர்த்தபோது மூன்று ஆண்டுகள் நோயின்றி இருந்தவர்கள் 87.9இலிருந்து 96 சதவீதமாக உயர்ந்தார்கள் (2024). 1960களில் இந்த நோயிலிருந்து பத்தில் ஒரு குழந்தை பிழைத்தாலே பெரிது.

எங்கள் குழந்தையை ஓர் ஆய்வில் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். சோதனை எலியாக்குகிறார்களா?

இந்தப் பயம் நியாயமானது. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கும் பல மருந்துகள் பெரியவர்களிடம் மட்டுமே சோதிக்கப்பட்டவை. குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக் அப்படித்தான் பச்சிளம் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது; அவர்களின் கல்லீரலால் அதை வெளியேற்ற முடியாமல் உடல் சாம்பல் நிறமாகி இறந்ததை 1959இல் பதிவு செய்தார்கள். குழந்தை பெரியவரின் சிறிய அளவு அல்ல. அமெரிக்கா 2003இலும் ஐரோப்பா 2007இலும், புதிய மருந்துகளைக் குழந்தைகளிடமும் முறையாகச் சோதிக்கும்படி நிறுவனங்களைச் சட்டத்தால் கட்டாயப்படுத்தின. சோதிக்காமல் கொடுப்பதும் ஒரு சோதனைதான். அதில் யாரும் கணக்கு எழுதுவதில்லை, அவ்வளவே.

கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும்? கூடுதலாக எத்தனை முறை ரத்தம் எடுப்பீர்கள்? நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா? பாதிப்பு வந்தால் செலவு யாருடையது? இடையில் ஆபத்து தெரிந்தால் நிறுத்த, ஆய்வாளர்களைச் சாராத குழு இருக்கிறதா? விவரம் புரியும் வயதுப் பிள்ளை என்றால் அதன் சம்மதத்தையும் தனியாகக் கேட்க வேண்டும். ஏழு வயதை ஒட்டி இது தொடங்குகிறது. எந்த நாளிலும், காரணம் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை குறையும் என்று யாராவது சாடையாகச் சொன்னால்கூட அந்த ஆய்வில் சேராதீர்கள்.